மாவு சிவக்கும் வரை

"உங்க பொண்ணு இடது கையால கிண்டிக்கிட்டிருக்கா அண்ணே" என்று ஐஸ்காரரின் மனைவி வந்து சொன்னபோது, மீன்காரர் ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"தெருவில நின்னு கடைச் சன்னல் கண்ணாடி வழியாப் பாத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கா. வலது கையை ஏப்ரனுக்குள்ள விட்டு மறைச்சிருக்கா. சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா. வெளியூர்க்காரங்க சுத்தி நின்னு போட்டோ எடுக்கறாங்க."

மீன்காரருக்கு ஒரே மகள். இருபத்தேழு வயதாகியும் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவுக்குச் சோறு உண்ண, எழுத, கரண்டி பிடிக்க எல்லாவற்றுக்கும் வலது கை. பதினேழு நாளாக அவள் குரலை அவர் கேட்கவில்லை. எப்போது அழைத்தாலும் மாப்பிள்ளைதான் போனை எடுப்பார். "அடுப்புல நிக்கிறா மாமா", "இப்பத்தான் தூங்கினா மாமா" என்று தேன் ஒழுகப் பேசுவார்.

கையைத் துடைத்துக்கொண்டு மீன்காரர் கிளம்பினார். கத்தி இன்னும் கையிலேயே இருந்தது. பக்கத்துக் கடை ஐஸ்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"அதைக் குடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"அது கையில இருந்தா நீ பேசமாட்டே. அதுதான் பேசும். நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்து தெருமுனையில நிக்கிறேன். பொண்ணைக் கூட்டிட்டு வா, அது போதும்."

மீன்காரர் கத்தியைக் கொடுத்துவிட்டார். நண்பனின் அந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னாளில் பலமுறை கடவுளுக்கு நன்றி சொன்னார்.

நடக்கும்போது அவர் நெஞ்சை அழுத்தியது மாப்பிள்ளையின் மேலுள்ள கோபம் மட்டும் அல்ல. ஒரு வருடத்துக்கு முன் பாப்பா கிழிந்த உதட்டோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் வைத்திருந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்று சொல்லி, தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர் அவர். அன்று அவள் வாசலில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தெருவில் ஓர் அடி எடுத்து ஓர் அடி வைக்க முடியாது. தொப்பிகள், முதுகுப் பைகள், வரைபடத்தை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிடுகிறவர்கள், வாடகைச் சைக்கிள்கள். மாப்பிள்ளையின் கிரியோல் உணவகம் தெருவின் நடுப்பகுதியில் இருந்தது. பல தேசத்துச் சமையலறைகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த சமையல் அது. இறால், நண்டு, மிளகாய், அரிசி என்று எல்லாம் ஒரே பானையில் சேரும். அதற்கு அடித்தளம் மாவு. எண்ணெயில் மாவைப் போட்டு, முக்கால் மணி நேரம் கை எடுக்காமல் கிண்டவேண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து, செங்கல் நிறம் தாண்டி இருட்டும்போது, நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டிச் சூட்டை நிறுத்துவார்கள். ஒரு நிமிடம் கை நின்றால் அடியில் கறுப்புப் புள்ளி விழும். பிறகு பானையோடு கொட்டிவிட வேண்டியதுதான். கொதிக்கும் எண்ணெயாவது வழிந்து போகும்; இந்த மாவு பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். அந்த அடுப்பை எடுத்து வந்து, தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைத்திருந்தார். வாசனை கயிறு கட்டி ஆட்களை இழுத்தது. பாப்பா அங்கே நின்று கிண்டுவதைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, அப்படியே உள்ளே சாப்பிட வந்தார்கள்.

மீன்காரர் கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றார். ஐஸ்காரரின் மனைவி சொன்னது அப்படியே இருந்தது. பவுடரை அப்பியிருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் வீங்கி, பவுடர் வெடித்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அணையவில்லை. அணைக்க அவளுக்கு உத்தரவில்லை போலும். தலையை மட்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், 'வேண்டாம்' என்று அசைத்தாள்.

அவர் உள்ளே போனார்.

"அடடே, வாங்க மாமா, வாங்க!" வாசலில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்த மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்தார். வெள்ளைச் சட்டை, துணிக் காலணி, பளிச்சென்ற பல்வரிசை. "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் மாப்பிள்ளை."

"தாராளமா. உங்க பொண்ணு, நான் எதுக்குத் தடுக்கப்போறேன்? ஆனா மாவு அடுப்புல இருக்கு மாமா. இப்பக் கரண்டியை வெச்சா இத்தனை பேருக்கும் இலை போட்டு எழுப்பின மாதிரி ஆயிடும். நீங்களும் தொழில் பண்றவர்தானே? மாவு சிவந்து இறங்கற வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டு இருங்க. அப்புறம் பேசலாம்."

தொழில் என்ற சொல்லில் மீன்காரர் விழுந்தார். அன்று தவிர, நாற்பது வருடத்தில் கீறிய மீனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்ததில்லை அவர். அடித்துக் கேட்டாலும், பாதி வேலையை விட்டுவிட்டு வா என்று ஒருவரை அழைக்க அவருக்கு வாய் வராது. "சரி" என்றார். அது அவர் செய்த பிழை.

நீண்ட மேசையின் நடுவில், பயணிகளுக்கு இடையில் அவரை உட்காரவைத்தார் மாப்பிள்ளை. வலப்பக்கம் வெயிலில் தோல் சிவந்த ஒரு தம்பதி. இடப்பக்கம் கேமராவைக் குழந்தையைப்போல் மடியில் வைத்திருந்த ஒரு கிழவர். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பரிமாறுகிறவன் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். வைக்கும்போது அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றின் மேல் இருட்டு நிறத்தில் குழம்பு. மகள் கிண்டிய மாவு. ஒரு வாய் எடுத்து வைத்தார். ருசியாக இருந்தது. அந்த ருசியே அவரை அடுத்த வாய் எடுக்கவிடவில்லை.

பாத்திரம் தேய்க்கிற அம்மாள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் ரேடியோ அக்கா என்று பெயர். மேசையைத் துடைக்கிற சாக்கில் குனிந்தாள்.

"நீங்க அப்பாதானே? மூக்கு அப்படியே இருக்கு. சும்மா சாப்பிடற மாதிரி இருங்க, என்னைப் பார்க்காதீங்க. மாவு இறங்கினதும் அவளை மாடிக்கு ஏத்திப் பூட்டிடுவாரு. தினமும் அதான் நடக்குது. அப்புறம் நீங்க எங்க பேசப்போறீங்க, சுவத்துகிட்டயா? அவ பூட்டு இல்லாம வெளியே நிக்கறது அந்த முக்கால் மணி நேரம்தான். கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே போங்க."

"நீ ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஊர்க்கதை எல்லாம் பேசற வாய்தான். இதுக்கு மட்டும் பூட்டுப் போட்டிருந்தேன். என் பாவம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளோடு போய்விட்டாள்.

மீன்காரர் எழுந்தார். வாசலில் ஒரு கூட்டத்தை வரவேற்றுக்கொண்டு மாப்பிள்ளை முதுகு காட்டி நின்றார். இடுப்பளவு தடுப்பைத் தாண்டி, மீன்காரர் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"பாப்பா."

"சாப்பிட்டீங்களாப்பா?" அவள் கை நிற்கவில்லை.

"கிளம்பு."

"மாவு பாதியில இருக்குப்பா."

"போய்த் தொலையட்டும்."

"நீங்க வேற. போன தடவை கருகினப்போதான் இது." அவள் கண் ஏப்ரனை நோக்கித் தாழ்ந்தது. "கதவு இடுக்குல என் கையை வெச்சு, கதவைச் சாத்தினாரு. ஒரு தடவை இல்லை. நான் சொன்னபடி கேக்கறேன்னு சொல்ற வரைக்கும்."

கண்ணாடிக்கு வெளியே யாரோ கையசைத்தார்கள். அவள் இடது கையில் கரண்டியோடு சிரித்தாள். மாவைக் கருகவிடுவதென்றால் அவளுடைய கால் நகராது என்று மீன்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் கையை நீட்டிக் கரண்டியைப் பிடித்தார்.

"நான் கிண்டறேன். எப்படி?"

"அடியைத் தொட்டுக் கிண்டணும். ஓரத்தை விட்டுடக் கூடாது."

"சரி. முனையில ஐஸ்காரர் வண்டியோட நிக்கிறார். நேராப் போ. நின்னு பார்க்காதே."

கரண்டி கை மாறியது. பாப்பா தடுப்பைத் தாண்டினாள். மேசைகளுக்கு நடுவே எட்டு அடி நடந்திருப்பாள். மாப்பிள்ளை திரும்பிவிட்டார்.

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் தோளை அணைத்துக்கொள்வதுபோல் பிடித்து, ஆசையோடு அழைத்து வருவதுபோல் அடுப்படிக்கே கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"மாமா, கரண்டியை அவகிட்ட குடுங்க."

"நான் கிண்டறேன் மாப்பிள்ளை. உங்களுக்கு மாவுதானே வேணும்? சிவக்க வெச்சுக் குடுத்துட்டுப் போறேன். அவளை விடுங்க."

"குடுங்கன்னு சொன்னேன்."

"முடியாது."

மாப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. ஏப்ரனுக்கு மேலாக அவளுடைய வலது கையைத் தேடிப் பிடித்து, உடைந்த விரல்களைக் கட்டைவிரலால் அழுத்தினார். பாப்பா சத்தம் போடவில்லை. அவள் உடம்பு முன்னால் சரிந்தது. கறுப்புக் கண்ணாடி நழுவி விழுந்தது. ஒரு கண் இருக்குமிடமே தெரியாமல் வீங்கி ஊதாவாகி இருந்தது.

மீன்காரர் இடது கையால் மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். மறுகணம் பானையின் இரும்பு மூடி அவர் காதில் இறங்கியது. கழுத்து வரை சூடாக ரத்தம் வழிந்தது. இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. அவர் பிடி தளரவில்லை. மாப்பிள்ளை முழங்காலைத் தூக்கி அவர் வயிற்றில் இடித்தார். அவர் அடுப்பின் மேல் சரிந்தார். பானை ஆடியது, சாய்ந்தது.

மாவு மெதுவாகத்தான் விழுந்தது. சிவந்து, கெட்டியாக, நாக்கை நீட்டியதுபோல விழுந்தது. பாதி மீன்காரரின் வலது முழங்கையின் கீழ் ஒட்டியது. மீதி முழுவதும் மாப்பிள்ளையின் துணிக் காலணிகள் மேல் கொட்டியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். கண்ணாடிக்கு வெளியே, இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். பிறகு போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உள்ளே நாற்காலிகள் சாய்ந்தன. ஒரு குழந்தை வீறிட்டது.

மாப்பிள்ளை தரையில் கிடந்து காலணிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மாவு விரல்களிலும் ஒட்டியது. மீன்காரர் கரண்டியை எடுத்தார். ஒரு முழ நீளத் தட்டை இரும்பு. முதல் அடி வாயில் விழுந்தது. அந்தப் பல்வரிசை உடைந்து ரத்தத்தோடு தெறித்தது. அடுத்தது தோள் எலும்பில். எலும்பு முறியும் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்தான். மீன் தலையைப் பிளக்கும்போது கேட்பது. அவர் நிறுத்தவில்லை.

"கதவு இடுக்குலயா மாப்பிள்ளை? என் பொண்ணு கையையா? சொல்லுங்க! சொல்லுங்க மாப்பிள்ளை!"

அந்த நிலையிலும் அவர் நாக்கு மரியாதையை விடவில்லை. கைக்கு மரியாதை மறந்துவிட்டது. அடி விழுந்துகொண்டே இருந்தது. அவற்றில் பாதி அவர் தனக்கே கொடுத்துக்கொண்டவை. 'அனுசரிச்சுப் போம்மா' என்ற வாய்க்கு யாரும் அதுவரை கூலி கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தலையை மூடிக்கொண்ட கை ஒடிந்து தொங்கியது. அடுத்த அடி மண்டையில் விழும். விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். பாப்பாவுக்கு இருக்கும் ஒரே அப்பாவும் சேர்ந்து முடிந்துவிடுவார். அவர் கரண்டியை ஓங்கினார்.

சோவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

பாத்திரம் அலசும் வாளியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்து, பாப்பா மாப்பிள்ளையின் கால்களில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். புகைபோல் ஆவி எழுந்தது.

"இவனுக்கா? இவனுக்கா தண்ணி ஊத்தறே?" மீன்காரர் கத்தினார்.

"வெந்துக்கிட்டிருக்குப்பா" என்றாள். அவள் குரலில் கண்ணீரும் இல்லை, அன்பும் இல்லை. "அக்கா, இன்னொரு வாளி. ஐஸ் இருந்தா போடாதீங்க, வெறும் தண்ணி போதும்."

ரேடியோ அக்கா ஒன்றும் பேசாமல் ஓடினாள்.

அடிபட்ட கையோடு, அடித்தவனுக்கு ஒரு வாளித் தண்ணீர். அதைச் செய்யச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. செய்யாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கடவுள் அன்று அந்தக் கூடத்துக்குள் வந்தார் என்றால், அவர் அந்த வாளிக்குள்தான் இருந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. கரண்டியைத் தரையில் வைத்ததும்தான் மீன்காரர் தன் கையைப் பார்த்தார். தோல் மாவோடு சேர்ந்து கழன்றிருந்தது. மகள் அவரைத் தொட்டியடிக்கு நடத்திப் போய்க் குழாயைத் திறந்து, அந்தக் கையைப் பிடித்துக் காட்டினாள். நெட்டை ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். தோல் சிவந்த தம்பதியில் அந்தப் பெண், தன் மேல்துணியை எடுத்துப் பாப்பாவின் தோளில் போர்த்திவிட்டு, யார் என்ன என்று ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் ஒரே தளத்தில் படுத்தார்கள். பாப்பாவின் மூன்று விரல்களில் எலும்பு நொறுங்கியிருந்தது. இரண்டு வாரப் பழையது, இப்போது உடைத்துத்தான் சேர்க்கவேண்டும் என்றார் டாக்டர். மீன்காரருக்குத் தலையில் ஒன்பது தையல். கையில் முழங்கை வரை கட்டு. மாப்பிள்ளை பிழைத்துவிட்டார், ஆனால் நடக்க மாதக்கணக்கில் ஆகும்.

மாலையில் அப்பாவும் மகளும் இருந்த அறைக்கு நெட்டை வந்தான். கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"முதலாளி பேச முடியாம ஒத்தைக் கையால எழுதிக் காட்டினாரு. நடந்தது எல்லாம் அடுப்படி விபத்துன்னு நீங்க சொல்லிட்டா, மாமா மேல கேசு இல்லைன்னு அவரும் சொல்லிடுவாராம். நீங்க திரும்ப வரணுமாம். இல்லைன்னா கொலை முயற்சின்னு எழுதிக் குடுப்பாராம்."

பாப்பா அப்பாவின் கட்டுப்போட்ட தலையைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன் மீன்காரர் முந்திக்கொண்டார்.

"எனக்காக ஒத்துக்கிட்டேன்னு வை, இந்த ஜன்னல் வழியாக் குதிச்சிடுவேன்."

"இது தரைத்தளம்பா."

"அப்ப நடந்தே போயிடுவேன்." அவர் மூச்சை இழுத்தார். "நான் அடிச்சது நிஜம். நீ தண்ணி ஊத்தலைன்னா கொன்னிருப்பேன், அதுவும் நிஜம். அதுக்கு உள்ள போகச் சொன்னா போறேன். அங்கயும் மீன் கழுவ ஆள் வேணும்னு கூப்பிடுவாங்க. உன்னை ஒரு தடவை நானே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டேன். இன்னொரு தடவை என்னைக் காட்டி உன்னைக் கொண்டுபோக விடமாட்டேன்."

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது தப்புப்பா."

"தப்புதாம்மா."



நெட்டை இன்னும் போகாமல் நின்றான். "அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன். இப்ப நான் சொல்றேன். கதவைச் சாத்தின அன்னைக்கு நான் பக்கத்துலதான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணு எரியுதுன்னு திரும்பிக்கிட்டேன். இனிமே அந்தக் கடையில எனக்கு வேலை இல்லை, பரவாயில்லை. ரேடியோ அக்கா வெளிய நிக்கறாங்க. போலீஸ்காரர்கிட்ட ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டாங்க. அவருக்கு நோட்டுப் புத்தகம் தீர்ந்துபோச்சாம்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வீங்கிய கன்னம் வலித்ததால் பாதியில் நின்றது. ஆனால் அது அவளுடைய சொந்தச் சிரிப்பு.

சற்று நேரத்தில் போலீஸ்காரர் வந்தார். வயதானவர், காலையிலிருந்து சாப்பிடாத முகம். நாற்காலியைப் பாப்பாவின் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க அப்பா அடிச்சதை அவரே ஒத்துக்கிட்டார். அதை நான் மாத்தி எழுத முடியாதும்மா. நீங்க சொல்றது தனி. இன்னைக்கு நடந்ததை மட்டும் சொன்னா போதும்."

"இன்னைக்கு நடந்ததை மட்டும் சொன்னா போதாது" என்றாள் பாப்பா. "அதுக்கு முன்னால நிறைய இருக்கு. எழுதிக்குவீங்களா?"

அவர் அவளுடைய கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவை மெல்லச் சாத்தினார். சாத்தும் சத்தத்தில் அவள் உடம்பு துள்ளியதைக் கவனித்தவர், மறுபடி அதைத் திறந்து, அசையாமல் இருக்க ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"திறந்தே இருக்கட்டும். சொல்லுங்கம்மா" என்றார்.

கல்யாணமாகி ஒன்பதாவது நாளிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள்.